பழைய இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்துக் கட்டுவது எப்படி: ஒரு மெத்தைக் கம்பெனி மருமகள் சொல்வது

போன பங்குனியில் சேலம் கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு மெத்தை ஆட்டோவில் வந்து இறங்கியது. ஆறேகால் அடிக்கு நாலு அடி, இலவம்பஞ்சு. கூட வந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். "என் கல்யாணச் சீருக்கு உங்க கடையிலதான் எடுத்தது. மக தூக்கிப் போடச் சொல்றா, எனக்கு மனசு வரலை. பிரிச்சுக் கட்டித் தருவீங்களா?" என்றார்.

எங்கள் கடை போர்டில் 'மெத்தைக் கம்பெனி' என்று பெரிதாக எழுதியிருக்கும். கம்பெனி என்றால் அம்மாப்பேட்டையில் ஓர் ஓட்டுக் கொட்டகை, ஒரு தராசு, இரண்டு தையல் மிஷின், மாமனார், மாமியார், கூலிக்கு இரண்டு பேர். நான் மருமகளாக வந்தபோது அவ்வளவுதான் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. கொட்டகையை வாடகைக்கு விட்டாயிற்று. தெரிந்தவர்கள் கேட்டால் மட்டும் வீட்டு மாடியில் வைத்துச் செய்து தருகிறேன். முழங்கால் வலி வந்த பிறகு அதையும் குறைத்துவிட்டேன். போனில் கேட்பவர்களுக்கெல்லாம் முடியாது என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். இரண்டு பேர், மூன்று நாள், நல்ல வெயில் இருந்தால் நீங்களே கட்டிக்கொள்ளலாம்.

முதலில், உங்கள் மெத்தை பிரித்துக் கட்டக் கூடியதுதானா என்று பாருங்கள். உள்ளே தேங்காய் நாரோ ஃபோமோ இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நார் மெத்தை என்பது தேங்காய் நாரைக் கயிறு போல முறுக்கிச் சுருள் பிடிக்க வைத்து, பிறகு பிரித்து, ரப்பர் பாலைத் தெளித்து, அச்சில் அழுத்தி வேக வைத்தது. ரப்பர் செத்துவிட்டால் நார் பொடியாக உதிரும். ஃபோமும் அப்படித்தான், பள்ளம் விழுந்தால் விழுந்ததுதான். இலவம்பஞ்சையும் பருத்திப் பஞ்சையும்தான் திரும்பத் திரும்ப எழுப்பலாம்.

இலவம்பஞ்சு என்றாலும் ஒரு சோதனை உண்டு. ஓரத்தில் நாலு விரல் நுழையும் அளவுக்குத் தையலைப் பிரித்து ஒரு பிடி எடுங்கள். உள்ளங்கையில் வைத்து இறுக்கி, பத்து எண்ணி, கையை விரியுங்கள். பஞ்சு மெதுவாக மூச்சு விடுவது போல எழுந்தால் உயிர் இருக்கிறது. உருண்டையாகவே கிடந்து, கையில் மஞ்சளாகத் தூள் ஒட்டினால் நார் ஒடிந்துவிட்டது என்று அர்த்தம். குழந்தை நனைத்த இடம், மழைச் சாரல் பட்ட இடம் கட்டி தட்டியிருக்கும். அந்த இடத்துப் பஞ்சை மட்டும் கழித்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம். பூஞ்சை வாடை மெத்தை முழுவதும் வந்தால் ஆசைப்படாதீர்கள்.

அப்புறம் நாள் பார்க்க வேண்டும். மாசி, பங்குனி, சித்திரை நல்லது. வெயிலும் இருக்கும், புதுப் பஞ்சும் அப்போதுதான் வரும். ஆடியில் வேண்டவே வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள், இலவம்பஞ்சு எம்மாத்திரம்? கல்யாணமான முதல் வருடம் இது தெரியாமல் நான் மாடியில் ஒரு மெத்தையைப் பிரித்தேன். கீழே தெருவில் நெசவுக்காரர்கள் பாவு, அதாவது தறிக்கு ஏற்றும் நீள நூலை நீட்டி, கஞ்சி போட்டுக் காய வைத்திருந்தார்கள். ஒரே ஒரு காற்று. ஈரப் பாவு முழுக்க வெள்ளைப் பூச்சி மொய்த்த மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் மாடியைப் பார்த்துக் கத்தியதை இங்கே எழுத முடியாது. மாமியார்தான் இறங்கிப் போய், ராத்திரி வரை அவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு இழையாகப் பொறுக்கினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஒரு பழைய கொசுவலையை என் கையில் கொடுத்தார்.

அந்தக் கொசுவலைதான் இந்த வேலையின் முக்கியமான சாமான். இரட்டைக் கட்டில் வலையை அறையின் நாலு மூலையிலும் கட்டி, அடியைத் தரையில் விரித்த பழைய சேலைக்குக் கீழே மடக்கிச் செருகிவிடுங்கள். வலைக்குள்ளேயே உட்கார்ந்து பிரியுங்கள், உள்ளேயே அடியுங்கள். ஃபேன் கூடாது. தலைக்குத் துண்டு, மூக்கு வாய்க்கு நனைத்துப் பிழிந்த துணி கட்டாயம் வேண்டும். கொரோனா முகக்கவசம் மிச்சமிருந்தால் அது இன்னும் நல்லது. இன்னொன்று: பக்கத்தில் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் ஆகாது. இலவம்பஞ்சு தீயைப் பெட்ரோல் மாதிரி பிடிக்கும். எங்கள் கடையில் மாமனார் மிகவும் சாது. ஆனால் கொட்டகைக்குள் பீடி பற்ற வைத்த ஆளை மட்டும் அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவார்.

பிரிக்கும்போது கத்திரிக்கோலை எடுத்து அவசரமாக வெட்டாதீர்கள். முதலில் மேலே குத்துக் குத்தாக இருக்கும் இழுப்புத் தையல் முடிச்சுகளை வெட்டி எடுங்கள். எத்தனை முடிச்சு, எவ்வளவு இடைவெளி என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பிறகு அகலப் பக்கம் ஒன்றை மட்டும் பிரித்தால் போதும். பழைய துணி கிழியாமல் வந்தால் புதுத் துணிக்கு அதுவே அளவு.

கன்னங்குறிச்சி மெத்தையை நான் பிரித்தபோது துணியின் உள்பக்கத்தில் ஊதாப் பென்சிலில் '14' என்று எழுதியிருந்தது. மாமனார் கையெழுத்து. ஒவ்வொரு மெத்தையிலும் எத்தனை கிலோ போட்டோம் என்று உள்ளே எழுதி வைப்பது அவர் வழக்கம். "வாங்கினவங்க பார்க்க மாட்டாங்க, பிரிக்கிறவன் பார்ப்பான்" என்பார். அவர் போய் ஒன்பது வருடமாகிறது. அந்தப் பதினாலைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

அவர் கணக்கு எளிது. சதுர அடிக்கு அரைக் கிலோ, அதற்கு மேல் ஒரு கை. ஆறேகாலுக்கு நாலு என்றால் இருபத்தைந்து சதுர அடி, பன்னிரண்டரைக் கிலோ. மேலே ஒன்றரை போட்டுப் பதினாலு. ஒற்றைக் கட்டிலுக்கு, அதாவது ஆறேகாலுக்கு மூன்று என்றால் பத்து, பத்தரை. நீங்களும் பழைய பஞ்சை எடுத்ததும் மூட்டையாகக் கட்டி நிறுத்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அடித்து, தூசி போக்கிய பிறகு இன்னொரு முறை நிறுக்க வேண்டும்.

அன்றைக்குப் பஞ்சை வாரி எடுக்க எடுக்க, நடுவில் நிறம் மாறியது. மேலே தந்த நிறத்தில் பளபளப்பாக வந்தது, நடுவே சாம்பலாக, கட்டி கட்டியாக, இடையிடையே நீல நூல் துணுக்கோடு வந்தது. அது இலவம் இல்லை. நூல் மில் கழிவு. சேலத்தைச் சுற்றி நூல் மில்லுக்குப் பஞ்சமில்லை, கழிவுப் பஞ்சும் எப்போதும் மலிவு. நாலு கிலோ இருந்தது. பதினாலு என்று எழுதிய எடை சரிதான், எடையில் பொய் இல்லை.

மாமியார் வலைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டியை எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்த வருஷம் இலவம் காய்க்கலை கண்ணு. விலை ஏறிப்போச்சு. முகூர்த்த ஆர்டர் பதினொண்ணு கையில இருந்துச்சு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இலவம் அப்படிப்பட்ட மரம்தான். எங்களுக்குப் பஞ்சு தேனிப் பக்கம் போடி, கடமலைக்குண்டிலிருந்து வரும். மாசி கடைசியில் காய் முற்றும். வெடிக்கும் முன்னால் பறித்துவிட வேண்டும், வெடித்தால் காற்றோடு போய்விடும். இலவு காத்த கிளிக்கு அதுதான் நடந்தது. ஏற்காடு போகும் வழியில் மலைச்சரிவில் இலையே இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்பது முள்ளிலவு. அது வேறு ஜாதி. மெத்தைக்குப் போடுவது வெளிர் பூப் பூக்கிற, பச்சை அடிமரமுள்ள இலவம். இதன் நார் உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம், வெளியே மெழுகுப் பூச்சு. அதனால்தான் வழுக்குகிறது, நூலாக நூற்க வருவதில்லை, தண்ணீரை ஏற்பதில்லை. கப்பல்காரர்களின் உயிர்காப்புச் சட்டைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். தன் எடையைப் போல முப்பது மடங்கைத் தண்ணீரில் தாங்கும் என்பார்கள். ஜாவாவிலிருந்துதான் உலகத்துக்கே இந்தப் பஞ்சு போய்க்கொண்டிருந்தது. 1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு வரத்து நின்றது. நம் எருக்கு இனத்தைச் சேர்ந்த ஒரு காட்டுச் செடியின் காயைப் பள்ளிப் பிள்ளைகளை விட்டுப் பொறுக்கி, அந்தப் பஞ்சை வைத்துச் சமாளித்தார்கள். இலவம் இல்லாத வருடத்தில் எல்லோருமே எதையாவது அடைத்துத்தான் இருக்கிறார்கள். மாமனாருக்காக நான் வாதாடுவதாக நினைக்க வேண்டாம். அவர்கள் கடலில் போட்டது எருக்குதான் என்று சொல்லிப் போட்டார்கள், இவர் சொல்லவில்லை.

சரி, வெயிலுக்கு வருவோம். மாடியில் கோணி விரித்து, அதன் மேல் வேட்டி, அதன் மேல் பஞ்சை நாலு விரல் உயரத்துக்குப் பரப்பி, மேலே மெல்லிய பருத்திச் சேலையால் மூடி, ஓரமெல்லாம் செங்கல் வையுங்கள். இரண்டு நாள் போதும். மத்தியானம் ஒரு முறை சேலைக்குள் கையை விட்டுப் புரட்டுங்கள். நான்கைந்து நாள் போட்டால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள், நார் மொறுமொறுவென்று ஆகி அடிக்கும்போது தூளாகும். தண்ணீரில் அலசுவது அறவே கூடாது. சாயங்காலம் எடுத்து உள்ளே வைத்து, சூடு ஆறிய பிறகுதான் அடிக்க வேண்டும்.

அடிப்பதற்கு இரண்டு புளிய விளார், சுண்டுவிரல் கனம். தடி எடுத்து மொத்தினால் நார் ஒடியும். ஒரு கிலோ பஞ்சை முன்னால் வைத்து, வலது கை, இடது கை என்று மாற்றி மாற்றி, விளாரின் நுனி மட்டும் பஞ்சில் பட்டு மேலே தூக்குகிற மாதிரி வீச வேண்டும். சத்தம் 'தப் தப்' என்று வந்தால் தவறு, 'விஷ் விஷ்' என்று வர வேண்டும். கட்டி உடைந்து, தூசி கீழே இறங்கி, பஞ்சு இரண்டு மூன்று மடங்கு உயர்ந்து நிற்கும். பழைய மெத்தையிலும் கொட்டை கிடக்கும். அதை விட்டு வைத்தால் எலி தேடி வரும். உயரமான கூடையில் பஞ்சைப் போட்டு, குறுக்குக் குச்சி கட்டிய கழியை மத்துக் கடைவது போல இரண்டு கையாலும் உருட்டுங்கள். கொட்டையெல்லாம் அடியில் தங்கிவிடும். மிஷினில் அடித்துத் தரும் கடைகளும் உண்டு. சீக்கிரம் முடியும், ஆனால் மிஷினில் முன்பு அடித்தவர் வீட்டுப் பஞ்சும் உங்களுடையதும் கலந்துதான் வரும்.

நிறுத்துப் பாருங்கள். பதினாலுக்குப் பன்னிரண்டு நின்றால் இரண்டு கிலோ புதுப் பஞ்சு சேர்க்க வேண்டும். வாங்கும்போது கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் கேளுங்கள். ஒரு சிட்டிகைப் பஞ்சைப் போட்டு விரலால் அமுக்கிப் பிடித்து விடுங்கள். இலவம் என்றால் மேலே வந்து மிதக்கும், எடுத்து உதறினால் காய்ந்தே இருக்கும். கழிவுப் பஞ்சு நனைந்து துவண்டுவிடும். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள். இதைக் கடைக்கார வீட்டுப் பெண்ணே சொல்கிறேன். மேலாகத் தெரியும் பஞ்சை மட்டும் எடுக்காமல் மூட்டையின் நடுவில் கையை விட்டு எடுங்கள்.

துணி விஷயத்தில் மலிவு பார்க்காதீர்கள். கோடு போட்ட கனமான மெத்தைத் துணி, நெருக்கமான நெசவு. துணியை வாயோடு ஒட்டிப் பிடித்து ஊதிப் பாருங்கள். காற்று லேசாக அந்தப் பக்கம் போனால் பஞ்சும் போகும். மேல் துண்டு, கீழ்த் துண்டு இரண்டையும் கட்டில் அளவைவிட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூட வெட்டுங்கள். பக்கப் பட்டிக்கு ஐந்து அங்குல அகலம். மூன்று பக்கத்தை மிஷினில் இரட்டைத் தையல் போட்டு, அகலப் பக்கம் ஒன்றைத் திறந்தே வையுங்கள். உள்பக்கம் கிலோவை எழுத மறக்காதீர்கள்.

நிரப்புவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மொத்தப் பஞ்சையும் இரண்டு இரண்டு கிலோவாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உள்மூலை இரண்டிலும் முஷ்டியால் நன்றாகத் திணியுங்கள். மூலை காலியாக இருந்தால் மெத்தை நாய்க்காது மாதிரி தொங்கும். பிறகு உள்ளேயிருந்து வெளியே, வரிசை வரிசையாக, கையால் தள்ளாமல் மரப்பலகையால் தள்ளுங்கள். நடுவில் இடுப்பு வரும் இடத்தில் ஒரு பிடி கூடுதல். நிரப்பும்போது ஏழெட்டு அங்குலம் உயர்ந்து பலூன் மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். வாயைக் கையால் தைத்து மூடி, மெத்தையை ஒரு முறை நீளவாக்கில் உருட்டி விரித்து, பலகையால் தட்டிச் சமப்படுத்துங்கள்.

இனி இழுப்புத் தையல். இதற்குக் கோணி ஊசி குட்டை. ஒரு முழ நீளமுள்ள மெத்தை ஊசி வேண்டும். கெட்டியான பருத்தி நூலை நாலாக முறுக்கி மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெஞ்சுக்கு நடுவே இடைவெளி விட்டு மெத்தையை மேலே போட்டால் அடியிலிருந்து ஊசியை வாங்க வசதி. ஒருவர் மேலே குத்த, இன்னொருவர் கீழே வாங்கி, அரை அங்குலம் தள்ளித் திரும்ப மேலே குத்த வேண்டும். கீழேயும் மேலேயும் நூலுக்கு அடியில் சுண்டுவிரல் அளவு முறுக்கிய துணித் துண்டை வையுங்கள். இல்லாவிட்டால் நூல் துணியைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். சாண் இடைவெளியில், ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடம் மாற்றி மாற்றி. முதல் சுற்றில் சுருக்கு முடிச்சு போட்டு லேசாக விட்டுவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கிக்கொண்டே வந்து முடிச்சைப் பூட்டுங்கள். ஒரே தடவையில் இறுக்கினால் பஞ்செல்லாம் ஒரு பக்கம் ஓடிவிடும். மாமியார் இறுக்கும்போது நூல் 'ட்டங்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். எனக்கு அது வர ஆறு வருடம் ஆனது.

இத்தனையும் செய்கிற கடை ஏன் மூடியது என்று கேட்பார்கள். 1929-ல் இங்கிலாந்தில் டன்லப் கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில், முட்டை அடிப்பது போல ரப்பர் பாலை அடித்து நுரையாக்கினார்கள். 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்பவர் பாலியூரித்தேன் கண்டுபிடித்தார். இப்போதைய ஃபோமெல்லாம் அதன் பிள்ளைகள். 1962-ல் கர்நாடகத்தில் கர்லான் கம்பெனி தொடங்கி நார் மெத்தை வந்தது. இதெல்லாம் அம்மாப்பேட்டைக்கு வந்து சேர ரொம்ப நாள் ஆயிற்று. வந்த பிறகு எங்கள் கடை மூட ரொம்ப நாள் ஆகவில்லை. மாமனாரும் ஒரு பெரிய கம்பெனி மெத்தையை டீலராக எடுத்து விற்றுப் பார்த்தார். விற்றது, ஆனால் திரும்பி யாரும் பிரித்துக் கட்ட வரவில்லையே, நமக்கு அதில் என்ன வேலை என்று விட்டுவிட்டார். 2023-ல் அந்தக் கர்லானையே ஷீலா ஃபோம் என்ற இன்னொரு மெத்தைக் கம்பெனி வாங்கிக்கொண்டது என்று என் வீட்டுக்காரர் பேப்பரில் வாசித்துக் காட்டினார். மாமியார், "நம்மள யாரும் வந்து கேக்கலையே" என்றார்.

கன்னங்குறிச்சி அம்மாவிடம் நான் மறைக்கவில்லை. கழிவுப் பஞ்சு நாலு கிலோவையும் ஒரு பையில் கட்டிக் காட்டி, அதற்கு ஈடாகப் புது இலவம் எங்கள் செலவிலேயே போட்டிருக்கிறேன், தையல் கூலி மட்டும் கொடுங்கள் என்றேன். அவர் பைக்குள் எட்டிப் பார்த்தார். "அதுதான் நடுவுல குழி விழுந்துச்சா? முப்பது வருஷமா நான் அவரு உடம்பைத்தானே திட்டிக்கிட்டு இருந்தேன்!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

கட்டிய மெத்தையை முதல் பத்து நாள் தினமும் தலைமாடு கால்மாடு மாற்றிப் போடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குப்புறத் திருப்புங்கள். அப்போதுதான் எல்லாப் பக்கமும் ஒன்றாக இறங்கும். மடிக்காதீர்கள், வைக்க வேண்டுமென்றால் சுருட்டுங்கள். மாதம் ஒரு நாள் இரண்டு மணி நேர வெயில். மேலே ஒரு பருத்தி உறை போட்டு அதை மட்டும் துவையுங்கள். நாலைந்து வருடம் கழித்துத் திரும்பப் பிரித்து அடித்தால் போதும்.

மூன்றாம் நாள் அந்த அம்மா போன் செய்தார். மெத்தை ரொம்ப உயரமாக இருக்கிறதாம், கட்டிலில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டவில்லையாம். "அவரை நடுவுல படுக்கச் சொல்லுங்கக்கா, பத்து நாள்ல இறங்கிரும்" என்றேன்.